உங்கள் திறமை யார் கண்ணில் படுகிறது?

1910-ஆம் ஆண்டு. திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி.ராமஸ்வாமி அய்யரைத் தேடி, சீனிவாச ராமானுஜன் என்ற 22 வயது இளைஞர் வந்தார். கும்பகோணத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று என இரண்டு கல்லூரிகளில் படித்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாதவர். முந்தைய வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது, சம்பாத்தியம் இல்லை. அவர் கேட்டு வந்தது ஒரு குமாஸ்தா வேலை. காட்டுவதற்குச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. கணக்கு எழுதிய நோட்டுகள் இருந்தன.

ராமஸ்வாமி அய்யர் மூன்று வருடத்துக்கு முன்புதான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். நோட்டுகளைப் புரட்டியவர் வேலை கொடுக்க மறுத்துவிட்டார். இப்படியொரு மூளையை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து நசுக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த இளைஞரைக் கல்லூரித் தேர்வுகளும் பார்த்திருந்தன. கணக்கில் மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தவர், தோற்றவர். தேர்வுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெல்லூர் ஆட்சியராக இருந்த ராமச்சந்திர ராவ் நோட்டைப் பார்த்தார். மாதம் 25 ரூபாய் கொடுத்துப் பிழைக்க வைத்தார். 1912 மார்ச்சில் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யரும் கணிதம் படித்தவர். சாயங்கால வேளைகளில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை இரண்டாகத் தாண்டிவிடுவார். மற்றவர்களுக்குப் புரிகிறாற்போல விரித்து எழுதச் சொன்னவர் நாராயண அய்யர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போகும்வரை, இந்தக் கைகள்தான் அவரைத் தாங்கின.

இந்தக் கதையை நாம் ஒரு மேதையின் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நோட்டைப் பிரித்துப் பார்த்தவர்களின் கதையாகவும் அதைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் இன்று ‘உன் திறமையைக் கண்டுபிடி’ என்ற பேச்சு எங்கு திரும்பினாலும் கேட்கிறது. கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள்ளே துழாவ வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். ராமானுஜனுக்கே தன் கணக்கின் மீது சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அதைவைத்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. குமாஸ்தா வேலை கேட்டுத்தான் போனார். திறமை ஒரு வேலையில் வெளிப்பட்டு, அதைத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டு, பிறகு உழைப்பில் நிரூபணமாக வேண்டியிருக்கிறது. மூன்றில் எது குறைந்தாலும் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

ரேகையில் கிடைக்காது

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: “எந்த குரூப்?” பயோ-மேக்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா? பதினைந்து வயதுப் பிள்ளையின் வாழ்க்கை இரண்டு வாரத்தில் முடிவாகிறது. முடிவெடுப்பது மதிப்பெண், அதற்கடுத்து சித்தப்பா பையன் எடுத்த குரூப். பிள்ளைக்கு எது வரும் என்று தெரியாத பதற்றத்தில் பெற்றோர் தவிக்கும் இந்த நேரத்தில்தான் ஒரு வியாபாரம் உள்ளே நுழைகிறது.

பத்து விரல்களின் ரேகையையும் ஸ்கேன் செய்து, பிள்ளையின் மூளை எப்படிப்பட்டது, எந்தப் படிப்பு சரிவரும், எந்தத் தொழிலில் சோபிக்கும் என்று வண்ணப் படங்களோடு அறிக்கை தருகிறார்கள். ‘டிஎம்ஐடி’ என்று பெயர். சில பள்ளிகளிலேயே முகாம் போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது என்பது உண்மை. அந்த ரேகைக்கும் பிள்ளையின் இசை அறிவுக்கோ கணக்கு அறிவுக்கோ தொடர்பு உண்டு என்பதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. இது நவீன இயந்திரம் வைத்துச் சொல்லும் ஜோசியம். பெற்றோரின் பயத்தை விலைக்கு விற்கிறார்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த அறிக்கைகள் ஹார்வர்டு பேராசிரியர் ஹோவர்ட் கார்ட்னரின் பெயரை மரியாதைக்குச் சேர்த்துக்கொள்கின்றன. அறிவு என்பது ஒரே அளவுகோலில் அடங்காது. மொழி, கணக்கு, இசை, உடலசைவு, பிறரைப் புரிந்துகொள்ளுதல் எனப் பல வகை உண்டு என்று 1983-இல் அவர் எழுதினார். உளவியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆசிரியர்களுக்கு அது பிடித்துப்போனது. கார்ட்னர் சொன்னதில் எங்கும் விரல் ரேகை இல்லை.

கேள்வித்தாள் வடிவில் வரும் சோதனைகள் வேறு ரகம். டொனால்டு கிளிஃப்டன் உருவாக்கியது மனிதர்களின் பலங்களை 34 தலைப்புகளில் பிரிக்கிறது. கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மேனும் 2004-இல் 24 குணநலன்களை வகுத்தார்கள். இவற்றில் ஏமாற்று இல்லை. ஆனால் நம்மைப் பற்றி நாம் சொல்வதையே ஒழுங்குபடுத்தித் திருப்பித் தருகின்றன. நாம் அறியாத நம்மை அவை அறியமாட்டா. நம்மிடம் இருக்கும் ஒன்றுக்குப் பெயர் வைக்க உதவும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

சின்னப்பம்பட்டியின் யார்க்கர்

2020 கடைசியில் இந்தியக் கிரிக்கெட் அணியோடு ஆஸ்திரேலியா போன நடராஜன், முதலில் வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். உலகம் பேசியது அவருடைய யார்க்கரை. மட்டையாளரின் காலடியில் போய் விழும் அந்தப் பந்து எங்கிருந்து வந்தது?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் அப்பா கூலித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை போட்டவர். இருபது வயது வாக்கில்தான் நடராஜன் கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்தார். அதுவரை டென்னிஸ் பந்துதான். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டை ஆடியவர்களுக்குத் தெரியும், அங்கே பந்து போடுகிறவனின் பாடு எப்படி என்று. பந்து லேசு. தோல் பந்துபோல் தையலில் பட்டுத் திரும்பாது. குத்தி எழுந்தால் போதும், தூக்கிக் கடாசிவிடுவார்கள். ஊர்த் திடலில் பவுண்டரியும் பக்கம். தப்பிக்க வேண்டுமானால் பந்து குத்தவே கூடாது, குத்தினால் காலடியில் குத்த வேண்டும். ஊர் ஊராக டோர்னமென்ட் ஆடிய வருடங்களில் நடராஜனுக்கு அது கைவந்தது. அவருடைய பலத்தை வடித்தது அந்தத் திடலின் குறைகள்தான்.

அதே திடலில் அதே பந்தை எத்தனையோ பேர் போட்டார்கள். ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர்க்காரர் நடராஜனின் பந்தில் வேறொன்றைப் பார்த்தார். சென்னைக்குக் கூட்டிப்போய் லீக் ஆட்டங்களில் சேர வழி செய்தார். அதன்பிறகும் பாதை நேராக இல்லை. 2015-இல் ரஞ்சி அறிமுகத்துக்குப் பின் பந்துவீச்சு முறை விதிப்படி இல்லை என்று புகார் எழுந்தது. கையை வீசும் விதத்தையே அடியிலிருந்து மாற்றிப் பழக வேண்டியிருந்தது. பலர் அத்தோடு ஊர் திரும்பியிருப்பார்கள். அவர் பழகினார், 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் மீண்டும் யார்க்கர்களோடு வந்தார். அடுத்த வருடம் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்.

திறமை இருந்தால் போதுமா, உழைப்பு வேண்டுமா என்று பட்டிமன்றம் போடுகிறவர்கள் அந்த 2015-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் பெர்லின் இசைக்கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் எழுதியதை, ‘பத்தாயிரம் மணி நேரம் செய்தால் யாரும் மேதை’ என்று பிற்பாடு சுருக்கிவிட்டார்கள். அதை எரிக்சனே மறுத்தார். எத்தனை மணி நேரம் என்பதைவிட, தவறைச் சுட்டிக்காட்டும் ஒருவர் எதிரில் இருக்க, தன் எல்லையைத் தாண்டிப் பயிற்சி செய்வதுதான் முக்கியம் என்றார். இங்கேயும் இன்னொரு கண் தேவைப்படுகிறது.

“இதிலென்ன இருக்கு?”

நம் பலம் நமக்குத் தெரியாமல் போவதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. அது நமக்குச் சுலபமாக வருகிறது. கஷ்டப்பட்டுச் செய்ததைத்தான் சாதனை என்று நினைக்கிறோம். தானாக வருவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கி.ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். பள்ளிப்படிப்பை முடிக்காத சம்சாரி. இசையில் பெரிய ஈடுபாடு. முப்பதைத் தாண்டி வெகுநாள் கழித்துத்தான் அவருடைய சிறுகதை அச்சேறியது. அவருக்குக் கிடைத்த செல்வம் கரிசல் காட்டுப் பேச்சு. அந்தப் பேச்சு அந்த வட்டாரத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. ஆகவே யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஏர் ஓட்டும்போதும் களத்து மேட்டிலும் பேசுவதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்றுதான் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். அதே ஊரில் பிறந்து சென்னைக்கு எழுதப்போன கு.அழகிரிசாமிக்கும் அவருக்கும் ஓயாத கடிதப் போக்குவரத்து. எழுதுகிறவனை எழுத்தறிந்த நண்பன் படிப்பது எத்தனை பெரிய பள்ளிக்கூடம் என்பதற்கு அந்த நட்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிறகு வந்தவை உங்களுக்கே தெரியும்: கோபல்ல கிராமம், வட்டார வழக்குக்கென்று ஒரு சொல்லகராதி, 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. பள்ளியை முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது.

உங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து என்றால் ஒரு அக்காவைத் தேடிப் போவார்கள். “முந்நூறு பேர் வருவாங்க, எவ்வளவு அரிசி போட?” என்று கேட்டால், பந்தி எத்தனை, குழந்தைகள் எத்தனை, மதியமா ராத்திரியா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு அளவைச் சொல்லிவிடுவார். மிஞ்சவும் மிஞ்சாது, பற்றாமலும் போகாது. அவரிடம் உங்கள் திறமை என்ன என்று கேட்டுப் பாருங்கள். “எனக்கென்ன தெரியும், வீட்லதானே இருக்கேன்” என்பார். ஓட்டல் நடத்துகிறவர்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற மதிப்பீடு அது. சண்டை போடும் இரண்டு பங்காளிகளையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கும் தாத்தா, ஒருமுறை போன ஊரின் வழியை மறக்காத டிரைவர், புதிதாக வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சாப்பிடவில்லை என்று கண்டுபிடிக்கும் சத்துணவு அம்மா. இவர்கள் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றே: “இதிலென்ன இருக்கு?”

அந்தப் பதில் உங்கள் வாயில் எப்போதெல்லாம் வருகிறது என்று கவனியுங்கள். எதற்காக மற்றவர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். அடுத்தவர் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தால் உங்களுக்கு எங்கே மனசு பொறுக்காமல் போகிறது? தையல் கோணினால் கண்ணை உறுத்துகிறதா, கணக்கு இடித்தால் தூக்கம் வரவில்லையா, யாரையோ ஒருவர் மரியாதையில்லாமல் பேசினால் குறுக்கே போய் நிற்கிறீர்களா? சுருதி தெரிந்த காதுக்குத்தான் அபஸ்வரம் வலிக்கும்.

முந்தி முளைத்தது மட்டும் பயிரா?

1980-களில் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில், ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவர் மனைவியும் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போனார்கள். ஆட்டக்காரர்களின் விவரம் அச்சிட்ட தாளைப் படித்துக்கொண்டிருந்த மனைவி ஒன்றைக் கவனித்தார்: பெரும்பாலான பையன்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள். பார்ன்ஸ்லி ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார். அங்கே வயது வரம்பு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். எட்டு ஒன்பது வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம். பயிற்சியாளர்கள் அதைத் திறமை என்று நினைத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டம். சில வருடத்தில் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிட்டான். டிசம்பரில் பிறந்தவன், தனக்கு ஹாக்கி வராது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நம் பள்ளிகளில் ரிலே அணிக்கு யாரை எடுக்கிறோம், ஆண்டுவிழா நாடகத்தில் யாருக்கு வசனம் கொடுக்கிறோம் என்று யோசித்தால் இது எங்கோ கனடாவில் நடக்கும் சமாசாரம் இல்லை என்று புரியும். ஒன்றாம் வகுப்பில் மைக் பிடித்தவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிடிக்கிறான். மற்றவர்கள் பன்னிரண்டு வருடம் கைதட்டுகிறார்கள்.

பொதுத்தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ வாங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. சேலம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலில் ஊனமடைந்த மாரியப்பனை உயரம் தாண்டச் சொன்னது அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்தப் பீரியடில் அந்தப் பையனை ஓரமாக உட்காரச் சொல்லியிருந்தால், யாரும் தப்பு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பரிவு என்றுகூடப் பாராட்டியிருப்பார்கள்.

தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. மேற்படிப்பு, வேலை பற்றிய வழிகாட்டல் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் பதினோராம் வகுப்பில் வழிகாட்டுவதற்கு முன், ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளை நாலைந்து விஷயங்களைக் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். தபேலாவைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்குத் தாளம் வருமா என்று எந்த ஆலோசகரும் சொல்ல முடியாது.

சைக்கிள் பழகிய பிறகு

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்து சொல்லிக்கொடுக்க வந்த இயக்கம், பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். கூலி வேலைக்குப் போகும் பெண்கள், கல்குவாரியில் உழைக்கும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பார்த்தவர்கள் கேலி பேசினார்கள், பேசவே கூடாததையும் பேசினார்கள், பெண்கள் நிறுத்தவில்லை. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பார்த்து எழுதியது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போனார்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது என்பதெல்லாம் ஒரு பக்கம். என்னை ஈர்ப்பது இன்னொன்று. பழகிய பெண்ணே அடுத்த பெண்ணுக்குக் கற்றுத்தந்தாள். சொல்லிக்கொடுக்கும் பொறுமை, கூட்டத்தை நடத்தும் துணிவு, அதிகாரியின் முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கும் தெளிவு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எந்தத் தேர்வும் அவற்றை அதற்குமுன் கண்டுபிடித்ததில்லை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் இதுவே நடந்தது. கையெழுத்துப் போடக் கூசியவர்கள் குழுவின் கணக்கை எழுதினார்கள், வங்கி மேலாளர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆகவே, ‘எனக்கு எந்தத் திறமையும் இல்லை’ என்று யாராவது சொன்னால், அவருக்கு என்னென்ன செய்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது என்று முதலில் கேட்க வேண்டும். பாதிப் பேருக்கு வாய்ப்பே வந்திருக்காது. மீதிப் பேருக்கு வந்தபோது பார்க்க ஆளில்லை.

எழுதி வையுங்கள், கேளுங்கள்

பள்ளிப் பருவத்தைத் தாண்டியவர்களுக்கு, நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில் எளிய வழி இருக்கிறது. முக்கியமான ஒரு முடிவை எடுக்கும்போதோ வேலையைத் தொடங்கும்போதோ, அதில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கே நினைத்ததைவிட நன்றாக நடந்தது, எங்கே சறுக்கியது என்பது இரண்டு மூன்று வருடத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். டிரக்கர் பல வருடம் இதைச் செய்து, தன்னைப் பற்றித் தானே வியந்துபோனதாகச் சொல்கிறார். காசு செலவில்லை, ஒரு பழைய டைரி போதும். நாற்பது வயதிலும் தொடங்கலாம், அறுபதிலும் தொடங்கலாம்.

கூடவே, உங்களை நன்றாகத் தெரிந்த நாலு பேரிடம் கேளுங்கள். “நான் எதில் கெட்டிக்காரன்?” என்று கேட்டால் முகஸ்துதிதான் கிடைக்கும். “நான் செய்ததில் உனக்கு உபயோகமாக இருந்த ஒன்றைச் சொல்” என்று கேளுங்கள். ஒருவர் வீட்டு ஆள், ஒருவர் வேலையிடத்தில் இருப்பவர், ஒருவர் பழைய நண்பர், ஒருவர் உங்களைவிட இளையவர். நாலு பேர் சொல்லும் சம்பவங்களிலும் ஒரே குணம் தலைகாட்டினால், அதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதை வைத்து வேலையை உதற வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதற்கு ஒதுக்கினாலே பலருக்கு வாழ்க்கை மாறியிருக்கிறது.

பிள்ளைகளைப் பாராட்டும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றைச் செய்யலாம். “சூப்பர்”, “வெரிகுட்” என்பதோடு நிறுத்தாதீர்கள். “நீ அந்தப் படத்தில் மழைக்கு முன்னாடி வர்ற வெளிச்சத்தைப் பிடிச்சிருக்கே”, “உன் தங்கச்சி அழுதப்ப நீ பேசினது அவளைச் சமாதானப்படுத்துச்சு” என்று, கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். பிள்ளை அதை மறக்காது. தன்னிடம் என்ன இருக்கிறது என்பதற்கு அதற்குக் கிடைக்கும் முதல் சாட்சி உங்கள் வாய்ச்சொல்.

இந்த இதழைக் கீழே வைக்கும்முன், நீங்கள் அறிந்த ஒரு பிள்ளையையோ பெரியவரையோ நினைத்துப் பாருங்கள். அவரிடம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இன்று சாயங்காலமே போய் அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால், அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு ஓர் அறிமுகக் கடிதமும் எழுதிக் கொடுங்கள்.